மலை ஏறக்கூடாத வீடு

6 ஜனவரி 2025, திங்கள்

இந்நேரத்துக்கு உன்னைத் திறப்பதற்கு மன்னித்துக்கொள். பகலில் எழுதலாம் என்றால் பாப்பா பேனாவைப் பிடுங்கி வாயில் வைக்கிறாள். அவள் தூங்கினால் அத்தைக்கு என்னிடம் ஏதாவது வேலை இருக்கிறது. மோட்டார் கம்பெனிக்காரர்கள் செக்காலையில் இருக்கிற எங்கள் மோட்டார் ரிப்பேர் கடைக்குக் கொடுத்த டைரி நீ. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரு பம்புசெட் படம். பரவாயில்லை, இதற்கு இது போதும்.

நேற்று அவர் திருமயம் கோட்டைக்குப் போய்வந்தார். கல்யாணப் படம் எடுக்கிற ஸ்டுடியோ காளிராஜ் அண்ணன், முகூர்த்தம் இல்லாத ஞாயிறுகளில் ஐந்தாறு பேரை வேனில் ஏற்றிக்கொண்டு கோட்டை, குன்று என்று படம் எடுக்கக் கிளம்பிவிடுவார். போன ஆவணியிலிருந்து இவரும் அந்தக் கூட்டத்தில் ஒருவர். இருட்டோடு போனவர் மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பினார். கழுத்தெல்லாம் கறுத்து, முழங்காலில் சிராய்ப்பு. முகம் மட்டும் புதுசாகக் குளித்த மாதிரி.

"மேல காத்து என்னமா அடிக்குது தெரியுமா சத்யா?"

எனக்குத் தெரியாதா? எம்.ஏ. வரலாற்றுக்கு அந்தக் கோட்டை மதிலைப் பற்றித்தான் கட்டுரை எழுதினேன். இரும்பு ஏணியில் ஏறிக் குடைவரைக்குள் தலையைக் குனிந்து போனது, உச்சியில் பீரங்கிப் பக்கத்தில் நின்று துப்பட்டாவைப் பல்லால் கடித்துக்கொண்டு படம் எடுத்தது... அந்தக் காற்றை இவருக்கு அறிமுகம் செய்ததே நான்தான். கல்யாணம் முடிந்த புதிதில் நான் கூட்டிப்போனேன். பாதிப் படியிலேயே மூச்சு வாங்கி உட்கார்ந்தவர் இவர்.

கேமராவும் என்னுடையது. அப்பா எனக்கு வாங்கிக் கொடுத்தது. இப்போது அதன் வாரில் இவருடைய வியர்வை வாசனை.

8 ஜனவரி, புதன்

துவைக்க எடுத்த அவருடைய பேண்டில் முழங்கால் வரைக்கும் ஒட்டுப்புல். நான் போகாத இடத்துப் புல்லை உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன்.

16 ஜனவரி, வியாழன்

மாட்டுப்பொங்கல் அலைச்சல் எல்லாம் முடிந்தது. பாப்பாவுக்குச் சளி. மூச்சு கர்கர் என்கிறது. நெஞ்சில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். அவர் தூங்குகிறார். எப்படித் தூங்க முடிகிறது?

இன்று அத்தை பக்கத்து வீட்டம்மாவிடம் சிரித்துச் சிரித்துச் சொல்லிக்கொண்டிருந்தார். பாப்பா வயிற்றில் இருந்தபோது நடந்தது. பெண்டாட்டி மாசமாக இருந்தால் புருசனும் மலை ஏறக்கூடாது என்பது இந்த வீட்டில் கண்டிப்பு. கூட்டாளிகளோடு பழனிக்குப் போனவர் எல்லாரும் மேலே ஏற, அடிவாரத்து டீக்கடையிலேயே உட்கார்ந்துவிட்டு வந்தார். "எம்மகன் மலையவே பாக்காம டீயப் பாத்துட்டு வந்தான்" என்கிறார் அத்தை.

எனக்கும் சிரிப்பு வந்தது. அந்த மாதங்களில் நாங்கள் இரண்டு பேரும் ஒரே மாதிரி கீழே இருந்தோம். அதற்குப் பிறகு அவருக்கு மட்டும் விடுதலை கிடைத்துவிட்டது.

20 ஜனவரி, திங்கள்

நேற்று திண்டுக்கல் மலைக்கோட்டை. போவதற்கு முன்னால் சொல்லி அனுப்பினேன். "உச்சி வெயில்ல எடுக்காதீக. கல்லு செத்துப்போயித் தெரியும். சூரியன் கீழ இருக்கும்போது மதிலோட பக்கவாட்டுல நில்லுங்க. வெளிச்சம் கல்லத் தடவிக்கிட்டுப் போகணும். அப்பத்தான் உளி பட்ட குழியெல்லாம் எந்திரிச்சு வரும்."

தலையை ஆட்டிக்கொண்டு போனார். அப்படியே எடுத்துக்கொண்டும் வந்துவிட்டார்! ஒரே ஒரு படம். பாறையும் மதிலும் சேருகிற இடம். எது மலை, எது மனுசன் கட்டியது என்று தெரியாத அந்த ஓரம். ஒவ்வொரு குழியிலும் ஒரு சொட்டு நிழல். பார்த்ததும் எனக்கு வயிறு எரிந்தது. உண்மையாகவே. நெஞ்சுக்குக் கீழே, இங்கே.

அவர்கள் வாட்ஸாப் குழுவில் ஒரே பாராட்டு. நாகவல்லி என்று ஒருத்தி, அந்தக் கூட்டத்தில் ஒரே பெண், எழுதியிருக்கிறாள்: "என்னா கண்ணு சிவராஜ் உங்களுக்கு!"

அவர் அதற்கு ஒரு கும்பிடு போட்டிருந்தார். என் வீட்டுக்காரி சொன்னாள் என்று ஒரு வரி போட்டால் விரல் தேய்ந்துவிடுமா?

27 ஜனவரி, திங்கள்

நாகவல்லி நேற்று வீட்டுக்கே வந்தாள். வேனில் விட்டுப்போன அவருடைய தொப்பியைக் கொடுக்க. சிவகங்கையில் தபாலாபீஸ் வேலையாம். அவர் முடிவெட்டப் போயிருந்தார். அத்தை உட்காரச் சொல்லிக் காபி போடச் சொன்னார்.

"கலியாணம் ஆயிருச்சாத்தா?"

"ஆயிருச்சும்மா. பையன் ஆறாவது படிக்கிறான்."

"அவன விட்டுட்டா மலமலையா அலையுற?"

"இப்ப என்னம்மா, அவன் பெரிய மனுசன். அவன் கைப்பிள்ளையா இருந்தப்பவே போயிருக்கேன். அவுக அப்பா பாத்துக்குவாக. என்ன, நா திரும்பி வர்றப்ப ரெண்டு பேரும் அழுதுக்கிட்டு இருப்பாக."

அத்தை சிரித்துவிட்டார். நான் அடுப்படியில் பால் பொங்கும் வரை பார்த்துக்கொண்டு நின்றேன். அவளுக்குப் பிள்ளை இருப்பதை இவர் என்னிடம் சொன்னதேயில்லை. பிள்ளை இல்லாதவள், அதனால் ஏறுகிறாள் என்று நானாக முடிவு செய்து ஒரு மாதிரி ஆறுதலாக இருந்தேன். அதுவும் போயிற்று.

வாசலில் அவள் கழற்றிவிட்டிருந்த ஷூ. பாறைப்பொடி ஏறி, முன்பக்கம் தேய்ந்தது. கோலப்பொடி டப்பாவை எடுக்கிற சாக்கில் போய், வலது காலை உள்ளே விட்டுப் பார்த்தேன். கச்சிதமாக இருந்தது. சட்டென்று எடுத்துவிட்டேன். ஆட்டோக்காரர் ஒருவர் பார்த்தார் என்று நினைக்கிறேன்.

போகும்போது பாப்பாவின் கன்னத்தைத் தட்டி, "நீங்களும் படம் எடுப்பீகளாமே, வாங்களேன் ஒருநா" என்றாள். நம்பரும் கொடுத்தாள். அவள் தெருமுனை தாண்டியதும் அத்தை: "அதெல்லாம் உத்தியோகம் பாக்குற பொம்பளைக. நமக்குச் சரிப்படாது."

எல்லாரும் நினைக்கிற அந்தச் சந்தேகம் எனக்கு இல்லை. இருந்தால்கூட நல்லது, நாலு பேரிடம் சொல்லி அழலாம். அவள் மேல் என் புருசனுக்கு ஆசையோ என்ற கவலை இல்லை. அவள் முழங்கால்கள் மேல் எனக்குப் பொறாமை. இதை யாரிடம் போய்ச் சொல்ல?

3 பிப்ரவரி, திங்கள்

செஞ்சி! வருகிற சனிக்கிழமை இரவு வேன் கிளம்புகிறதாம். விடிய ராஜகிரி ஏறுகிறார்களாம். செஞ்சிக்கு நான் போனதே இல்லை. உச்சிக்குச் சற்று முன்னால் மலை பிளந்து கிடக்கும், அதன் மேல் ஒரு சின்னப் பாலம் — புத்தகத்தில் அந்தப் படத்தையே எத்தனை முறை பார்த்திருப்பேன்.

சோறு போடும்போது கேட்டேன். "நானும் வரட்டா?"

நிமிர்ந்து பார்த்தார். கோபம் இல்லை. அதுதான் எரிச்சல். பரிதாபமாகச் சிரித்தார். "பாப்பாவ என்ன பண்றது? பால் குடிக்கிற பிள்ள. மறக்கட்டும், பெறகு போவோம்."

"அத்தை பாத்துக்கிர மாட்டாகளா?"

அத்தை உள்ளேயிருந்தே: "எனக்கு முட்டிவலி. ராத்திரி முச்சூடும் தூக்கிக்கிட்டு நடக்க நா ஆளில்ல."

பேச்சு அத்தோடு முடிந்தது. "செஞ்சில வெளிச்சம் எந்தப் பக்கம் வரும் சத்யா?" என்று அவர் கேட்டார். எனக்குத் தெரியும். தெரியாது என்று சொன்னேன்.

7 பிப்ரவரி, வெள்ளி

செய்துவிட்டேன்.

சாயந்தரம் அவர் பையை எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். டார்ச், குளுக்கோஸ், என் கேமரா. லென்சைத் துடைக்க என் பழைய துப்பட்டாவைக் கிழித்துத் தரச் சொன்னார். கிழித்துக் கொடுத்தேன். உற்சாகத்தில் பாட்டு வேறு முணுமுணுத்தார். நான் அடுப்படிக்கு வந்து நின்றேன். அத்தை கீரை ஆய்ந்துகொண்டு, "ஏத்தா மூஞ்சி இப்படி வெளுத்துக் கெடக்கு?" என்றார்.

"எனக்கு மறுபடியும் இருக்கும்போல அத்தை."

வாய் தானாகச் சொன்னது என்று எழுதத்தான் ஆசை. இல்லை. சொல்வதற்கு முன்னால் ஒரு மூச்சு இழுத்தேன். என்ன நடக்கும் என்று தெரிந்தே சொன்னேன். போன வாரம்தான் விலக்காகித் தலைக்குத் தண்ணீர் விட்டிருக்கிறேன்; அத்தை கவனித்திருக்கவில்லை. எதுவும் இல்லை எனக்கு.

"சோதிச்சுப் பாத்தியா?"

"மருந்துக்கடையில வாங்கிப் பாத்தேன். ரெண்டு கோடு."

ஒரு பொய்யைச் சொன்னால் அது உடனே தன் தங்கச்சியைக் கேட்கிறது. அத்தை கீரையை அப்படியே போட்டுவிட்டு எழுந்தார். கையைக்கூடத் துடைக்கவில்லை. "டேய் சிவராசு! பைய எடுத்து உள்ள வையி. மலையுமில்ல மண்ணாங்கட்டியுமில்ல!"

8 பிப்ரவரி, சனி

வேன் போய்விட்டது. காளிராஜ் அண்ணன் போனில், "என்னடா மாப்ள, மறுபடியும் டீக்கடையா?" என்று கேலி செய்தது எனக்கே கேட்டது.

இவர் வருத்தப்படுவார், பையைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார், நான் அதைப் பார்த்துக் கொஞ்சம் ஆறுவேன் என்று நினைத்தேன். அவரோ பாப்பாவை வயிற்றின் மேல் உட்கார வைத்து, "தம்பி வரப் போறான்டி ஒனக்கு. பேனா, கேமரா எல்லாத்துலயும் பாதிப் பாதி" என்று சிரித்துக்கொண்டிருக்கிறார். மாதுளம்பழம் வாங்கி வந்தார். உரித்தும் கொடுத்தார்.

கிண்ணத்தை அப்படியே மூடி வைத்துவிட்டேன்.

10 பிப்ரவரி, திங்கள்

பாப்பாவைத் தூக்கக் கூடாது. ஸ்கூட்டி கூடாது. மாடிப்படி கூடாது. துணி காயப்போடக்கூட அத்தையே முட்டியைப் பிடித்துக்கொண்டு ஏறுகிறார். செஞ்சியைத் தடுக்கப் போய் இப்போது சொந்த வீட்டு மொட்டைமாடிகூட எனக்கு மலையாகிவிட்டது. வெள்ளிக்கிழமை டாக்டரம்மாவிடம் கூட்டிப்போகிறார்களாம்.

செஞ்சிப் படங்கள் வந்துவிட்டன. இவர் போகாததால் காலியான இடத்தில் காளிராஜ் அண்ணனின் மச்சான் போயிருக்கிறார். நாகவல்லியின் படம் ஒன்று: பாலத்துக்குக் கீழே இருக்கிற பிளவை, பாலத்தை விட்டுவிட்டு, வெறும் பிளவை மட்டும் எடுத்திருக்கிறாள். உள்ளே மூடுபனி. நான் போயிருந்தால் பாலத்தைத்தான் எடுத்திருப்பேன். இப்படித் தோன்றியிருக்காது.

அது இன்னும் எரிகிறது.

11 பிப்ரவரி, செவ்வாய்

காலையில் அத்தை வேப்பிலையை அரைத்துக் கிண்ணத்தில் கொண்டுவந்தார். "மார்ல தடவிக்க. இனிமே அது வயித்துல இருக்குற பிள்ளைக்குச் சேர வேண்டிய பாலு. இவளுக்குக் குடுத்தா சவலை பாஞ்சு மெலிஞ்சு போவா. ரெண்டு நா அழுவா, மறந்துருவா."

இதை நான் யோசிக்கவேயில்லை. இவ்வளவு யோசித்தவள் இதை யோசிக்கவில்லை. எங்கள் ஊர்ப்பக்கமும் இதே வழக்கம்தான். அக்காளுக்கு இப்படித்தான் செய்தார்கள், நான் பார்த்திருக்கிறேன். வேண்டாம் என்று சொன்னால் ஏன் என்பார். தடவிக்கொண்டேன்.

பாப்பா தவழ்ந்து வந்தாள். நைட்டியைப் பிடித்து எழுந்து, எப்போதும் போல ஒரு சத்தம் போட்டுக்கொண்டு வாயை வைத்தாள். வைத்த வேகத்தில் பின்னால் இழுத்துக்கொண்டாள். அழவில்லை. என் முகத்தைப் பார்த்தாள். மாரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள்.

மறுபடியும் ஒருமுறை வந்து பார்த்தாள். பிறகுதான் அழுதாள்.

பசும்பால் கொடுத்தோம். துப்பிவிட்டாள். மாலையில் எனக்கு நெஞ்சு கல்லாகக் கட்டிக்கொண்டு காய்ச்சல். குளியலறையில் பீச்சித் தண்ணீரோடு விட்டேன். வெளியே அவள் அழுகிறாள், உள்ளே நான் பாலை ஊற்றிக்கொண்டிருக்கிறேன். என்ன பொம்பள நான்? எதுக்காக? ஒரு வண்டியில எனக்கு இடமில்லைன்னா?

12 பிப்ரவரி, புதன்

மத்தியானம் அத்தை கண்ணயர்ந்த நேரத்தில் வேப்பிலையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு கொடுத்தேன். முதலில் நம்பவில்லை அவள். நாக்கை நீட்டித் தொட்டுப் பார்த்தாள். பிறகு இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு... விக்கி விக்கிக் குடித்தாள்.

கதவு திறந்தது. தாழ்ப்பாள் போட மறந்திருக்கிறேன்.

"அடிப்பாவி! என்ன காரியம்டி பண்ற? பிள்ள சவலை பாயும்னு படிச்சுப் படிச்சுச் சொல்றேன்ல!" என்று பாப்பாவைப் பிடுங்க வந்தார். நான் விடவில்லை.

"வயித்துல ஒண்ணும் இல்ல அத்தை."

"என்னடி சொல்ற... கலைஞ்சிருச்சா?"

"இருந்ததே இல்ல. பொய் சொன்னேன்."

கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். பாப்பா குடிப்பதை நிறுத்தவில்லை.

"எதுக்கு?"

"அவுக செஞ்சிக்குப் போகக் கூடாதுன்னு."

"அந்தத் தபாலாபீசுக்காரி..."

"அவ மேல ஒண்ணும் இல்ல அத்தை. அவுக போறாக, நா போக முடியல. அம்புட்டுத்தான்."

அடிப்பார் என்றுகூட நினைத்தேன். "அதுக்கு வயித்த வச்சாடி வெளையாடுவ? வாய்விட்டு என்ட்ட கேக்க வேண்டியதுதான, பிள்ளையப் பாத்துக்கங்கன்னு?"

"கேட்டேன்ல. முட்டிவலின்னீக."

"ஆமா, சொன்னேன்." முட்டியைத் தடவிக்கொண்டே, "இன்னைக்குக் கேட்டாலும் அதத்தான் சொல்வேன்" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கு வரவில்லை. எழுந்து போகும்போது சொன்னார்: "நா அவன்கிட்டச் சொல்ல மாட்டேன். நீ கட்டுன மூட்டைய நீயே அவுரு."

13 பிப்ரவரி, வியாழன்

சொன்னேன். கத்துவார் என்று பாப்பாவை அத்தையிடம் கொடுத்துவிட்டுத்தான் சொன்னேன். கத்தவில்லை.

"நான் சந்தோசப்பட்டேன் சத்யா" என்றார். அதையே இன்னொரு தடவை சொன்னார். சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குப் போய்விட்டார்.

செஞ்சியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் மலையைத்தான் பறித்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லாத ஒரு பிள்ளையைக் கொடுத்து, அதையும் பிடுங்கியிருக்கிறேன்.

16 பிப்ரவரி, ஞாயிறு

பேச்சு இல்லை. "சோறு", "சாவி", "கதவச் சாத்து". கேமரா பீரோவுக்கு மேலே. இன்று கூட்டம் எங்கேயோ போயிருக்கிறது. இவர் போகவில்லை. இப்போது எந்தத் தடையும் இல்லை, போகலாம். போகாமல் கடையைத் திறந்து, ஞாயிற்றுக்கிழமையில் உட்கார்ந்து எரிந்துபோன மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக்கொண்டிருக்கிறார்.

நான் கேட்டது கிடைத்துவிட்டது. இரண்டு பேரும் கீழே.

20 பிப்ரவரி, வியாழன்

பாப்பா பழையபடி குடிக்கிறாள். ஆனால் ஒவ்வொரு முறையும் முதலில் நாக்கால் தொட்டுப் பார்க்கிறாள்.

23 பிப்ரவரி, ஞாயிறு

இன்றும் போகவில்லை. என்னால் தாங்க முடியவில்லை.

"நீங்க போய்ட்டு வாங்களேன். இப்படி உக்காந்து என்னையக் கொல்லாதீக."

"நா போனாத்தான் ஒனக்கு எரியுதே."

"எரியும்தான். அதுக்காகப் போகாம இருந்தா எனக்கு அவிஞ்சிருமா? நீங்க போகக் கூடாதுங்குறது இல்ல எனக்கு. நா போகணும். நா! எனக்கு அந்தக் கல்லத் தொடணும்!"

இவ்வளவு சத்தமாக இந்த வீட்டில் நான் பேசியதே இல்லை. பாப்பா மிரண்டு அழ ஆரம்பித்தாள். அவர் அவளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். அவருக்கும் கோபம் ஏறிவிட்டது.

"அப்பப் போ. அடுத்த ஞாயித்துக்கெழம பிரான்மலைக்குப் போறாக. நா இவளப் பாத்துக்கிறேன். பெரிய இவளாட்டம் பேசுறீல்ல, போய்ட்டுத்தான் வாயேன் பாப்போம். பாதி மலையில பிள்ள ஞாபகம் வந்து எறங்கி ஓடியாருவ."

"ஓடியார மாட்டேன்."

"பந்தயமா?"

அத்தை உள்ளேயிருந்து: "யாரும் என்னைய எண்ணி இதுல எறங்காதீக. எனக்கு முட்டிவலி."

அவர் முகத்தில் லேசாக ஒரு சிரிப்பு வரப் பார்த்தது. அதை அடக்கிக்கொண்டு மாடிக்குப் போய்விட்டார். மன்னித்துவிட்டார் என்று சொல்ல முடியாது. கோபத்தில் கொடுத்த அனுமதிதான். கனிந்து கொடுக்கட்டும் என்று காத்திருந்தால் பாப்பாவுக்குக் கல்யாணமே ஆகிவிடும்.

25 பிப்ரவரி, செவ்வாய்

பயமாக இருக்கிறது. பிள்ளையை விட்டுப் பிரிந்து அரைநாள்கூட இருந்ததில்லை. பால் குடிக்காமல் வாடிவிடுவாளோ? படியில் எனக்கு மூச்சு வாங்கி எல்லாரும் காத்திருக்கும்படி ஆகிவிடுமோ? அவர் சொன்ன மாதிரி பாதியில் இறங்கி ஓடி வந்துவிட்டால்? நான் எடுக்கிற படம் இவர் எடுத்ததைவிட மட்டமாக இருந்தால்? அதுதான் பெரிய பயம். இத்தனை நாள் எரிந்ததெல்லாம் வீண் என்று ஆகிவிடும்.

காளிராஜ் அண்ணனிடம் கேட்டால் "சிவராஜ்கிட்டக் கேட்டுச் சொல்றேம்மா" என்பார். அதனால் அவரிடம் கேட்கவில்லை. நாகவல்லிக்கு அனுப்பியதை அப்படியே இங்கே எழுதி வைக்கிறேன். நாளைக்கு இதை அனுப்பவே இல்லை என்று நானே மறுத்துவிடக் கூடாது.

"நாகவல்லி அக்கா, நான் செக்காலை சிவராஜ் வீட்டு சத்யா. அன்னைக்கு வாங்கன்னு கூப்பிட்டீங்க. சும்மா பேச்சுக்குக் கூப்பிட்டீங்களா, நெசமான்னு தெரியல. நெசம்னு எடுத்துக்கிட்டுக் கேக்குறேன். ஞாயித்துக்கிழமை பிரான்மலைக்கு வேன்ல எனக்கு ஒரு இடம் இருக்குமா? அவுக வரல, நான் மட்டும்தான். உங்க செஞ்சிப் படம் பார்த்தேன். பாலத்தை விட்டுட்டுப் பிளவை எடுத்திருந்தீங்களே, அது. ரெண்டு நாள் எனக்கு உங்களைப் பிடிக்கவே இல்ல. அவ்வளவு நல்லா இருந்துச்சு.

இன்னொண்ணு. ஆம்பளைங்ககிட்ட இதைக் கேக்க முடியாது. பாப்பா இன்னும் பால் குடிக்கிறா. நேரம் தள்ளிப்போனா எனக்கு நெஞ்சு கட்டிக்கும், காய்ச்சல் வந்துரும். மேல கோட்டைச் சுவர் பக்கம், பாறை மறைவுல, உட்கார்ந்து பீச்சிவிட இடம் இருக்குமா? உங்க பையன் கைப்பிள்ளையா இருந்தப்ப நீங்க எப்படிச் சமாளிச்சீங்க?

கொஞ்சம் சீக்கிரம் பதில் போடுங்க அக்கா."